அறுந்தே ஆக வேண்டிய கயிறு

1. இருபத்தைந்து அடி ஒரு ஆழமா

நான் போர்வெல் மோட்டார் மெக்கானிக். பெயர் அடைக்கலம். திருமயத்தில் கடை. பொன்னமராவதியிலிருந்து குளத்தூர் வரை, மாவட்டத்தில் தண்ணீருக்குத் தவிக்கிற ஊர்களில் எல்லாம் என் கயிறு இறங்கிய போர்கள் இருக்கின்றன. அறுநூறு அடி, எண்ணூறு அடி எனக்குச் சாதாரணம். முப்பது வருஷத்தில் ஒரு மோட்டாரைக்கூட நான் போருக்குள் தவறவிட்டதில்லை. இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்வேன். கடைப் பலகையிலும் எழுதிவைத்திருக்கிறேன்.

கடலுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அப்படிப்பட்டவன் ஒரு கயாக்கில் ஆழ டிரோலிங்குக்குச் செட் போட்டுக் கொடுத்தேன் என்றால், தொழிலில் இருக்கும் தம்பிகள் நம்ப மறுக்கிறார்கள். வாட்ஸப் குழுவில் தினம் ஒருவர் சீண்டுகிறார். அதனால் எழுதிவைத்துவிடுகிறேன்.

மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர். அங்கே ஒரு வீட்டு சப்மெர்சிபிள் மோட்டார் மணலில் சிக்கிக்கொண்டது. பக்கத்து ஊர் மெக்கானிக் இழுத்துப் பார்த்துவிட்டு என் நம்பரைக் கொடுத்திருந்தார். வீட்டுக்காரப் பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மோட்டாரை எடுத்து மணலைக் கழுவி மறுபடி இறக்கும் வரைக்கும் அவள் நகரவில்லை. வழக்கமாக வீட்டுக்காரர்கள் தண்ணீர் வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இவள் என் கயிற்றைப் பார்த்தாள்.

"அண்ணே, கயித்துல அந்தச் செவப்பு டேப்பு எதுக்கு?"

"பத்தடிக்கு ஒண்ணு. கண்ண மூடிக்கிட்டு எறக்குனாலும் மோட்டாரு எங்க நிக்குதுன்னு சொல்லிருவேன்."

"இதே மாதிரி கடல்ல எடைக்கு ஒரு குண்ட எறக்கி, நம்ம நெனைக்கிற ஆழத்துல நிறுத்த முடியுமாண்ணே?"

"எம்புட்டு ஆழம்?"

"நாலு பாகம். ஒங்க கணக்குல இருபத்தஞ்சடி வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருபத்தஞ்சடியெல்லாம் ஒரு ஆழமா தங்கச்சி? எங்க ஊருல கெணத்துக்குப் படியே அம்புட்டு இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். தென்னை ஓலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கயாக் கிடந்தது, ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான தோணி. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நீச்சல் பழக்கும் வேலையில் இருந்திருக்கிறாள். ரிசார்ட்டை மூடியபோது அங்கே ஓடிக்கொண்டிருந்த கயாக்குகளில் ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். அதில் தனியாகப் போய் மீன் பிடித்து விற்பது என்று முடிவு.

டிரோலிங் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கயாக்கில் இரண்டு கையும் துடுப்பில் இருக்கும். தூண்டில் கம்பு பின்னால் ராடு ஹோல்டர் என்கிற குழாயில் நிற்கும். தூண்டில் நரம்பின் நுனியில் கட்டிய பிளாஸ்டிக் மீன் கயாக்குக்குப் பின்னாலேயே நீந்தி வரும். நிஜ மீன் ஏமாந்து கவ்வ வேண்டும். ஆனால் வெயில் ஏறினால் நல்ல மீன்கள் கீழே போய்ப் படுத்துக்கொள்கின்றன. மேலே ஓடும் பிளாஸ்டிக் மீனை அவை ஏறிட்டும் பார்ப்பதில்லை. நரம்பிலேயே ஈயத்தைக் கட்டி ஆழத்துக்கு இறக்கினால், கடித்த மீனோடு ஈயத்தையும் சேர்த்து மல்லுக்கட்ட வேண்டும்.

இதற்கு வழி, குண்டைத் தனிக் கயிற்றில் இறக்குவது. தூண்டில் நரம்பை ஒரு கிளிப்பால் குண்டுக்கு மேலே கவ்வ வைப்பது. மீன் இழுத்ததும் கிளிப் விட்டுவிடும். பிறகு குண்டுக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. டவுன்ரிக்கர் என்று பெயர். கடையில் வருவதெல்லாம் பெரிய படகுக்குச் செய்தவை. கயாக்கில் மாட்டினால் ஆள் ஏறுவதற்கு முன்பே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

குண்டை இறக்கி நிறுத்துவது என் வேலை. முப்பது வருஷமாக அதைத்தானே செய்கிறேன். "ஒரு வாரத்துல செஞ்சு தாரேன்" என்று வாய்விட்டேன்.

2. ஒரே ஒரு நாள்

நான் கயாக்கை அளந்துகொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் வந்து நின்றார். ஊர் கமிட்டித் தலைவர் சந்தியாகு. ஸ்டெல்லாவுக்குப் பெரியப்பா முறை.

"மோட்டாரு தூக்க வந்தவுக, தோணிக்கு அளவெடுக்கிறீகளாக்கும்" என்றார்.

அந்தக் கரையில் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. விசைப்படகு போகிற நாளில் நாட்டுப்படகு போகாது, நாட்டுப்படகு போகிற நாளில் விசைப்படகு போகாது. யார் எங்கே வலை போடுவது என்பதும் கமிட்டியில் பேசி முடிந்த விஷயம். ஸ்டெல்லாவின் கயாக் எந்தக் கணக்கிலும் வரவில்லை. பொம்பளைப் பிள்ளை தனியாகக் கடலுக்குப் போவதா என்று சிலர் முணுமுணுத்தார்களாம். சந்தியாகு அதைப் பேசவில்லை. அவருக்கு வலைதான் கவலை.

"கரையில இருந்து மூணு பாகம் வரைக்கும் தரையெல்லாம் நண்டு வலை. குண்டத் தொங்கவிட்டுக்கிட்டுப் போனா மாட்டாம என்ன செய்யும்? மாட்டுனா கிழியாம என்ன செய்யும்?"

"கிழியாது பெரியப்பா. ஒரு நாளு விட்டுப் பாருங்க" என்றாள் ஸ்டெல்லா.

"ஒரு நாளுதான். நாட்டுப்படகு போற நாளா நான் சொல்றேன், நானும் கூட வருவேன். யாரு வலையிலயாச்சும் ஒரு கண்ணு அறுந்திருந்தாலும் இந்தத் தோணி கரையேறிரும். அப்புறம் எறங்காது. வெறுங்கையோட வந்தாலும் அதேதான். சும்மா சுத்திட்டு வரக் கடலு என்ன பார்க்கா?"

அவர் போன பிறகு ஸ்டெல்லா தாழ்வாரத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைக் காட்டினாள். "மூணு வருசம் இவள எங்க அம்மாட்ட விட்டுட்டுத்தாண்ணே மெட்ராஸ்ல கெடந்தேன். இது நடக்கலேன்னா மறுபடியும் போவணும். வேற வேல எனக்குத் தெரியாது."

என் வாய்ச்சவடாலுக்கு இப்போது எடை கூடிவிட்டது.

3. என் கயிறு அறாது

செட் நன்றாகத்தான் வந்தது. மோட்டார் கேபிள் சுற்றி வரும் பிளாஸ்டிக் உருளையைச் சிறிதாக அறுத்து டிரம் ஆக்கினேன். சைக்கிள் பிரேக் கட்டையை வைத்து நிறுத்தம். மடிக்கக்கூடிய கைப்பிடி. பின்பக்கம் மாட்டலாம் என்று நான் சொன்னதை ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை. "திரும்பிப் பாத்தாலே சாயும்ணே. தொடைக்குப் பக்கத்துல, கை எட்டுற எடத்துல வைங்க." அவள் சொன்னதுதான் சரி. கயாக் உடம்பில் ஓட்டை போடவும் அவள் விடவில்லை. இருக்கைக்கு இருபுறமும் ஏற்கெனவே இருந்த பட்டையில் கிளாம்ப் போட்டு உட்கார வைத்தேன்.

குண்டுக்கு ஒரு பழைய என்.ஆர்.வி. வால்வு. குழாயில் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கிற இரும்பு உருப்படி. கடையில் காயலாங்கடைக்குப் போகக் கிடந்தது. எடை சரியாக இருந்தது. கயிற்றில் பாகத்துக்கு ஒரு டேப். கயிற்றின் மேல் நுனியை என் வழக்கப்படி கிளாம்பில் இரட்டை முடிச்சுப் போட்டு, மேலே இன்னொரு கம்பியும் சுற்றினேன். போர் வேலையில் முதல் பாடமே அதுதான். எது அறுந்தாலும் கயிறு அறுந்துபோகக் கூடாது.

முதல் தடவை கரைக்குப் பக்கத்திலேயே, வலை இல்லாத இடத்தில், இரண்டு ஆள் ஆழத் தண்ணீரில் சோதனை. நான் பேன்ட்டை மடித்துக்கொண்டு கரையில் நின்றேன். ஸ்டெல்லா குண்டை இறக்கித் துடுப்புப் போட்டாள். கயிறு நேராக நிற்கும் என்று நினைத்திருந்தேன். கயாக் வேகம் பிடித்ததும் அது பின்னால் சாய்ந்துகொண்டது. மூன்று டேப் உள்ளே போயிருந்தாலும் குண்டு இரண்டு டேப் ஆழத்தில்கூட இல்லை. போர்க்குழிக்குள் மோட்டார் எங்கேயும் நடந்து போவதில்லை. இது நடந்துகொண்டே இருக்கிற குழி. சாய்வுக்குத் தகுந்தபடி கூடுதல் கயிறு விட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த நிமிஷம் கயாக் சட்டென்று நின்றது. வால்வின் விளிம்பு அடியில் கிடந்த ஏதோ பழைய கயிற்றில் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு அலை தள்ளியது. என் கயிறு அறுந்துபோகவில்லை. என் முடிச்சும் அவிழவில்லை. கயாக் பக்கவாட்டில் இழுபட்டு, குப்புறக் கவிழ்ந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் இடுப்பளவுக்கு ஓடியிருக்கிறேன், செருப்போடு. ஸ்டெல்லா அதற்குள் லைஃப் ஜாக்கெட்டோடு மேலே வந்து, கயாக்கைப் புரட்டி அதன் மேல் படுத்துக்கொண்டு இருமினாள். அவள் கரைக்கு வந்து சேரும் வரை நான் தண்ணீரிலேயே நின்றேன்.

"அண்ணே, செட்டு நல்லாத்தான் இருக்கு. கயிறு அறுந்திருந்தா நான் விழுந்திருக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கயிறு அறாது தங்கச்சி. முப்பது வருசமா அறுந்ததில்ல."

"அதுதாண்ணே இங்க பிரச்சன" என்றாள்.

4. சாக்குத் தைக்கிற நூல்

திருமயம் திரும்பும் பஸ்ஸில் முழுக்க அவள் மேல் எரிச்சலாக இருந்தேன். கீரனூரில் ஒரு போர் வேலை ஒத்துக்கொண்டிருந்தேன், அதையும் தள்ளிப் போட்டேன். அறுந்து போகும்படி ஒரு கயிற்றைக் கட்டுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. வேண்டுமென்றே கெட்ட வேலை செய்வதாகப் பட்டது.

ஆனால் கவிழ்ந்த கயாக் கண்ணைவிட்டுப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு வில் தராசை எடுத்துக்கொண்டு மறுபடி கடலோரம் போனேன். ஸ்டெல்லாவைக் கயாக்கில் உட்கார வைத்து, நெஞ்சளவு தண்ணீரில் நின்று, கயிற்றைத் தராசில் மாட்டி நானே இழுத்தேன். எந்த இழுப்பில் கயாக் சாய ஆரம்பிக்கிறது, எந்த இழுப்பில் அவளால் தாங்க முடியவில்லை என்று பார்த்தோம். நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. இவ்வளவு லேசான உயிரையா இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினோம் என்று எனக்கு வேர்த்துவிட்டது.

பிறகு அவள் கிழிந்த நண்டு வலைத் துண்டு ஒன்றைக் கொண்டு வந்தாள். அதன் ஒரு கண் எந்த இழுப்பில் அறுகிறது என்றும் பார்த்தோம். கயாக் கவிழ்கிற இழுப்புக்கு முன்பே அது அறுந்தது. அப்படியென்றால் எங்கள் கயிறு அதற்கும் முன்னால் அறுந்துபோக வேண்டும்.

முழுக் கயிற்றையும் மெல்லியதாக மாற்றினால் எங்கே அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது. கயிறு அப்படியே இருக்கட்டும், குண்டுக்கு மேலே ஒரு சாண் மட்டும் அறுகிற நூலாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். கடையில் வைத்து ஒவ்வொரு நூலாகக் கட்டி, அதில் வாளியைத் தொங்கவிட்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். பூக்கட்டுகிற நூல் குண்டையே தாங்கவில்லை. தூண்டில் நரம்பு அறுந்துபோகவே மாட்டேன் என்றது. சாக்குத் தைக்கிற நூல் இரண்டு இழை சொன்ன பேச்சைக் கேட்டது. அதுவும் முடிச்சுப் போட்ட இடத்தில்தான் அறுந்தது. வெறும் நூலின் பலம் வேறு, முடிச்சு விழுந்த நூலின் பலம் வேறு. தம்பிகள் இதை நினைவில் வையுங்கள். பிறகு ஈர நூலில் ஒருமுறை, உப்புத் தண்ணீரில் ஊறிய நூலில் ஒருமுறை.

எதிர்க்கடை வெல்டிங் பட்டறைக்காரர் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னண்ணே, நூல அறுத்து அறுத்து எறியிறீங்க. கோவமா?"

"இல்லப்பா. பாசம்" என்றேன்.

வால்வு மறுபடியும் காயலாங்கடைக்கே போனது. பிள்ளைகள் விளையாடும் ரப்பர் பந்தை அறுத்து, உள்ளே ஈயத்துண்டும் சிமென்ட்டும் ஊற்றி உருண்டையாக ஒரு குண்டு செய்தேன். வலையில் மாட்ட ஒரு விளிம்பும் கிடையாது. நூல் கட்டும் வளையம்கூடக் குழிக்குள் இருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்தேன். யார் வலையில் கிடந்தாலும் யாருடையது என்று தெரிய வேண்டும் அல்லவா.

5. சந்தியாகுவின் படகில்

சந்தியாகு நாள் குறித்துச் சொன்னார். நாட்டுப்படகு நாள். முந்தின நாள் விசைப்படகுகள் போயிருந்தன. விடிந்ததும் ஸ்டெல்லா கயாக்கை இறக்கினாள். நானும் சந்தியாகுவும் அவருடைய பைபர் படகில் தள்ளித் தள்ளிப் பின்னால் போனோம். லைஃப் ஜாக்கெட்டை நான் இரண்டு தடவை சரிபார்த்ததை அவர் பார்க்காதது போல இருந்தார்.

நண்டு வலை கிடக்கும் இடத்தைக் காட்டும் மிதவைக் கொடிகள் வரிசையாகத் தெரிந்தன. ஸ்டெல்லா குண்டை மேலேயே வைத்துக்கொண்டு அவற்றைத் தாண்டினாள். தாண்டிய பிறகுதான் இறக்கினாள். பிறகு துடுப்பு, துடுப்பு, துடுப்பு. வெயில் ஏறியது. எனக்குக் குடல் மேலே வந்து போனது. கம்பு அசையவில்லை.

"தண்ணி கலங்கிக் கெடக்கு" என்றார் சந்தியாகு. "நேத்து விசைப்படகுக்காரய்ங்க அடியோட மடிவலை இழுத்துட்டுப் போயிட்டாய்ங்க. அடியில சேறு இன்னும் படியல."

சேறு என்ற சொல் என்னை நிமிர்த்தியது. தம்பிகளே, போரில் மோட்டாரை அடி வரைக்கும் இறக்குகிறோமா? இறக்குவதில்லை. அடியில் மண் இருக்கும். மண்ணுக்கு மேலே, தெளிந்த தண்ணீரில்தான் தொங்கவிடுவோம். இந்தப் பெண் வீட்டு மோட்டாரே அடியில் உட்கார்ந்ததால்தானே சிக்கியது.

நான் எழுந்து நின்று கத்தினேன். "தங்கச்சி, எம்புட்டு விட்டிருக்க?"

"தரையத் தொடுற மாதிரிண்ணே. மீனு அடியிலதான கெடக்கும்."

"சேத்துக்குள்ள அதுக்கே கண்ணு தெரியாது. மோட்டார மண்ணுல வைக்காத. ஒரு பாகம் தூக்கு."

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு பிரேக்கை விட்டு, கைப்பிடியைச் சுற்றினாள். சந்தியாகு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பாள். கிளிப் விடுபட்டது எங்களுக்குத் தெரியவில்லை. கம்பு வில்லாக வளைந்ததுதான் தெரிந்தது. கயாக் அவள் துடுப்பு போடாமலேயே நகர ஆரம்பித்தது. முன்பக்கம் திரும்பி, வந்த வழியே, நேராகக் கொடிகளைப் பார்த்துப் போனது.

"பாரை மீனு" என்றார் சந்தியாகு. அடுத்த மூச்சில் குரல் மாறியது. "ஏய், வலைக்குப் போவுது. குண்ட எடு, குண்ட எடு."

அவளுக்கு இருப்பது இரண்டு கை. இரண்டும் கம்பில் இருந்தன. ஒரு கையை விட்டுக் கைப்பிடியைத் தொடப் போனாள், மீன் மறுபடி இழுத்தது, கை கம்புக்கே திரும்பிவிட்டது. கயாக் முதல் கொடியைக் கடந்தது. சந்தியாகு கொடியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அது அவருடைய கொடி.

கயாக் நின்றது. குண்டு இருந்த பக்கம் சாய்ந்தது. அன்றைக்குப் பார்த்த அதே சாய்வு. அறுந்து தொலை, அறுந்து தொலை என்று நான் வாய்விட்டே சொன்னேனாம், சந்தியாகு பின்னால் சொல்லிச் சிரித்தார். முப்பது வருஷத்தில் ஒரு கயிற்றைப் பார்த்து நான் அப்படி வேண்டியதில்லை.

அறுந்தது. கயாக் ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்தது. கயிறு மட்டும் லேசாகிப் பின்னால் மிதந்து வந்தது. ஸ்டெல்லா காலை அகட்டி உட்கார்ந்து, மீனைக் கொடிகளுக்கு அப்பால் திருப்பினாள். அது ஓடினால் விட்டாள், நின்றால் சுற்றினாள். கடைசியில் செவுளில் கைவிட்டுத் தூக்கி மடியில் போட்டபோது, அதன் வால் கயாக்குக்கு வெளியே துடித்துக்கொண்டிருந்தது. நான் படகில் நின்று கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. அவளும் கத்தினாள். அழுதுகொண்டே கத்தினாள் என்று நினைக்கிறேன்.

6. மஞ்சள் குண்டு

சந்தியாகு கத்தவில்லை. எஞ்சினைப் போட்டுத் தன் கொடிக்குப் போனார். வலையைத் தூக்க ஆரம்பித்தார். ஸ்டெல்லா மீனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். பாரை வந்துவிட்டது. ஆனால் ஒரு கண் அறுந்திருந்தால் அது கடைசிப் பாரை.

வலை வந்தது. நண்டு வந்தது. பாசி வந்தது. அப்புறம், வலையைச் சுருட்டிப் போர்த்திக்கொண்டு மஞ்சள் குண்டு வந்தது. அதன் வளையத்தில் சாக்கு நூலின் அறுந்த நுனி இருந்தது.

அவர் குண்டை மெதுவாகப் பிரித்து எடுத்தார். அது கிடந்த இடத்தை விரலில் விரித்துக் கண் கண்ணாகப் பார்த்தார். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். எனக்கு அந்த நேரம் எண்ணூறு அடிக்கு மோட்டார் இறக்குகிற நேரத்தைவிட நீளமாக இருந்தது.

குண்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இந்தாங்க, ஒங்க பந்து. வலை அப்பிடியே இருக்கு."

பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தார். "அடுத்த நாட்டுப்படகு நாளுல இங்கிட்டு வராத. வடக்க ஆத்துவாய்க்கு நேரா, அஞ்சு பாகத்துல ஒரு பாறை கெடக்கு. எங்கப்பா எனக்குக் காட்டுன எடம். கலங்கல் அங்கிட்டு வராது. வலையும் யாரும் போட மாட்டாக. அன்னைக்குக் காலையில வா, காட்டுறேன்."

ஸ்டெல்லா தலையை மட்டும் ஆட்டினாள். கரையில் அவள் மகள் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது அந்தக் கரையில் நான்கு கயாக்குகள் ஓடுகின்றன. நான்கிலும் என் செட்தான். கடைப் பலகையில் ஒரு மோட்டாரையும் தவறவிட்டதில்லை என்பது அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே கயாக் வேலையும் செய்து தரப்படும் என்று சேர்த்திருக்கிறேன். திருமயத்தில் எதற்குக் கயாக் என்று பஸ்ஸில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தம்பிகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். போரில் நமக்கு வேண்டியது கயிற்றின் கீழ் நுனியில் இருக்கிறது. அதனால் அறுந்துபோகாமல் கட்டுகிறோம். ஸ்டெல்லாவின் கயிற்றில் வேண்டியது மேல் நுனியில் இருந்தது. அடுத்த தடவை எதையாவது கட்டும்போது, எந்த நுனியில் உயிர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிச்சுப் போடுங்கள்.